கத்து, இன்னும் கொஞ்சம் கத்து

எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவன் என்று கஞ்சனைச் சொல்வார்கள். நான் நன்றாகக் கழுவிய கையால், மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு காக்காய் ஓட்டுகிறவன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். விமானத் திடலில் வேலை என்றதும் கண்ணை அகல விரிக்கிறவர்கள், என்ன வேலை என்று தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொள்வது எனக்குப் பழகிப் போன விஷயம். திடலுக்குள் எனக்குப் பெயரே 'ச்சூ'தான். 'ச்சூ வந்தாச்சா?', 'ச்சூவைக் கூப்பிடு.' என் அக்கா மகள் அங்கே விமானம் ஓட்டப் படிக்க வந்த பிறகு அது 'ச்சூ மாமா' ஆயிற்று. கொஞ்சம் மரியாதை கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

எங்களுடையது சின்னத் திடல். ஒரே ஓடுதளம், ஒரு பயிற்சிப் பள்ளி, மாடிவீட்டு உயரத்தில் ஒரு கண்காணிப்புக் கோபுரம். இரண்டு பேர் உட்காருகிற, மூக்கில் விசிறி சுற்றுகிற விமானங்கள் மட்டும்தான் வந்து போகும். பெரிய விமானத்தில் பறவை மோதினால் இயந்திரத்துக்குக் கேடு. இந்தச் சின்ன விமானத்தில் மோதினால் முன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஓட்டுகிறவரின் முகத்துக்கே வந்துவிடும். அதுவும் அண்டங்காக்கை. தெருவில் பார்க்கிற காக்காயைப் போல இரண்டு பங்கு இருக்கும். அலகு ஒன்றே போதும், ஆளை அடித்துப் போட்டுவிடும்.

ஓடுதளத்துக்கு இடப்பக்கம், மதிலுக்கு வெளியே, ஊர்க் குப்பை மேடு. அண்டங்காக்கைகளுக்கு அதுதான் சமையலறை, சபை எல்லாம். நல்லவேளையாக எங்கள் விமானங்கள் சுற்றுவது வலப்பக்கத்தில். என் வேலை, அவை மதிலைத் தாண்டி இந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வது. ஜீப் இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது, டப்பென்று வெடிக்கிற பட்டாசுத் துப்பாக்கி இருக்கிறது. இவற்றை விடப் பெரிய ஆயுதம் என் வாய் என்று திடலில் புல் வெட்டுகிற டிராக்டர்க்காரர் சொல்வார்.

இந்த வேலையில் இரண்டு விஷயம் மறக்கவே கூடாது. ஒன்று, விமானம் இறங்குவதற்காகக் கடைசித் திருப்பம் திரும்பிவிட்டால் பறவையை விரட்டக்கூடாது. தரையில் உட்கார்ந்திருக்கிற காக்காயால் யாருக்கும் கெடுதல் இல்லை, கிளப்பிவிட்ட காக்காயால்தான் உயிர் போகும். இரண்டாவது, அடிபட்ட அண்டங்காக்கை ஒன்று கத்தினால் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருப்பவையும் வந்து சேரும். அது செத்துப்போனால் இன்னும் அதிகமாக வரும், சத்தமில்லாமல் சுற்றி உட்கார்ந்து பார்க்கும், லேசில் போகாது. சொந்தக்காரன் சாவுக்கு மனிதன்கூட அவ்வளவு நேரம் உட்காருவதில்லை.

அன்றைக்கு மதியம் டிராக்டர்க்காரர் ஓடுதளத்தின் இரண்டு ஓரத்திலும் புல் வெட்டி முடித்திருந்தார். வெட்டிய புல்லிலிருந்து எலியும் வெட்டுக்கிளியும் கிளம்பும் என்று தெரிந்துகொண்டு அண்டங்காக்கைகள் டிராக்டர் பின்னாலேயே நடந்து வந்திருந்தன. அவற்றை ஒருவழியாகத் துரத்தி மதிலுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, ஜீப்பை ஓரத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். வாண்டுவும் வாத்தியாரும் இரண்டு சுற்றுப் பறந்து இறங்கியிருந்தார்கள். வாண்டு என்றால் என் அக்கா மகள். இருபது வயது ஆகிவிட்டது, இன்னும் அந்தப் பெயர் போகவில்லை.

விமானம் ஓடுதளத்தின் முனையில் நின்றது. விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. கதவு திறந்தது. வாத்தியார் இறங்கினார், தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டார், கதவைச் சாத்தினார், புல்லில் நடந்து தள்ளிப்போய் நின்றார்.

எனக்குத் தண்ணீர் புரையேறிவிட்டது.

முதல்முதலாகத் தனியாக அனுப்புகிற நாளை எந்த வாத்தியாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொன்னால் பிள்ளைகள் தூங்காமல் கண் சிவந்து வந்து நிற்பார்களாம். வழக்கம்போலக் கூடப் பறப்பார்கள், திடீரென்று இறங்கிக்கொண்டு, 'நீயே ஒரு சுற்று போய்ட்டு வா' என்பார்கள். எத்தனையோ பிள்ளைகளை அப்படி அனுப்பியதை இதே ஜீப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன். கைதட்டியும் இருக்கிறேன். நம் வீட்டுப் பிள்ளை என்றதும் அந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தவனை நான்கு அறை அறைய வேண்டும் போல இருந்தது.

விமானம் கிளம்பி ஓடியது, எழும்பியது. அழகாகத்தான் எழும்பினாள். அந்த நேரம் பார்த்து அக்கா போன் செய்தாள்.

"எங்கடா அவ? வடக்கால வானம் கறுத்துக்கிட்டு வருது."

"கிளாஸ்ல இருக்காக்கா."

"தனியா ஏத்தி விட்டுடாதீங்கடா. விடறதா இருந்தா முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். நீதான் சத்தியம் பண்ணி அவளைச் சேர்த்தே, ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்குக்கா. வேலை இருக்கு, வைக்கறேன்."

அண்ணாந்து பார்த்துக்கொண்டே அந்தப் பொய்யைச் சொன்னேன். அவள் வலப்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். அக்கா சொன்ன மேகம் உண்மைதான், ஆனால் தள்ளி இருந்தது. ஒரு சுற்றுக்கு அது போதுமான தூரம். வாத்தியாரும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார்.

அப்போதுதான் டிராக்டர்க்காரர் ஓடி வந்தார். பெரிய உடம்பு, ஓடிப் பழக்கமில்லை. மூச்சிரைக்க, முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"ச்சூ, கோவிச்சுக்கக் கூடாது. காக்கா ஒண்ணு பிளேடுல மாட்டிடுச்சு."

"எப்ப?"

"புல்லு வெட்டறப்பவே. றெக்கை போயிடுச்சு. புல்லுக்குள்ள கிடந்துச்சு, சத்தம் கித்தம் இல்ல. தானா நகர்ந்து போயிடும்னு விட்டுட்டேன். சொன்னா நீங்க திட்டுவீங்கன்னுதான்..."

"இப்ப ஏன்யா சொல்றே?"

"இப்ப கத்துது."

எனக்கும் கேட்டது. ஓடுதளத்தின் இந்த முனையில், விமானத்தின் சக்கரம் தொடுகிற இடத்துக்குப் பக்கத்துப் புல்லில். அடித்தொண்டையிலிருந்து, கரகரத்து, விட்டுவிட்டு வந்தது அந்தச் சத்தம். மதில் பக்கம் திரும்பினேன். ஒன்று மதில்மேல் வந்து உட்கார்ந்தது. அதன் பின்னால் இரண்டு. அதன் பின்னால் குப்பை மேடே கறுப்பாக எழுந்து வந்தது.

திட்ட நேரமில்லை. ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போனேன், டிராக்டர்க்காரரும் தொற்றிக்கொண்டார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஐம்பது அறுபது வந்துவிட்டன. பாதி புல்லில், பாதி ஓடுதளத்தின் மேலேயே. நடுவில் அடிபட்டது கிடந்தது. ஒரு சிறகு விரிந்து தரையோடு ஒட்டிக் கிடக்க, மறு சிறகால் தரையை அடித்து அடித்துத் தன்னையே சுற்றிக்கொண்டிருந்தது.

வாக்கிடாக்கியில் கோபுரத்தைக் கூப்பிட்டேன். கோபுரத்தில் இருப்பவர் ஒரு அம்மா, திடலுக்கே பொறுப்பு அவர்தான். டவரம்மா என்போம். பதறாத மனுஷி.

"அம்மா, முனையில கூட்டம் சேர்ந்திடுச்சு. அவளை இறக்க வேண்டாம்."

"அவ திரும்பிட்டாளே, ச்சூ. கடைசித் திருப்பத்துல இருக்கா."

பார்த்தேன். ஆமாம். நேராக எங்களை நோக்கி, மூக்கைத் தாழ்த்தி, இரண்டு விளக்கும் எரிய வந்துகொண்டிருந்தாள்.

"அசையாம இருங்க. கிளப்பிடாதீங்க. அவளை மேல தூக்கச் சொல்லுங்க, காக்காய்ங்க கீழயே..." என்று நான் சொல்லி முடிக்கவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் டப்பென்று வெடித்தது. டிராக்டர்க்காரர் என் பட்டாசுத் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டார். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தில் செய்கிற முட்டாள்தனத்துக்கு மருந்தே கிடையாது. கூட்டம் மொத்தமும் ஒரே வீச்சில் மேலே எழுந்தது, சரியாக அவள் வருகிற உயரத்துக்கு.

வாத்தியாரின் குரல் வாக்கிடாக்கியில் கத்தியது. "தூக்கு! தூக்கு! முழு வேகம், மூக்கைத் தூக்கு!"

விமானம் உறுமியது. காக்காய்கள் நான்கு பக்கமும் சிதறின. ஒன்று இறக்கைக்கு அடியில் புகுந்து வெளியே வந்தது, ஒன்று சக்கரத்தை உரசியது போலிருந்தது. நான் கண்ணை மூடவில்லை. மூட முடியவில்லை. எங்கள் தலைக்குமேல் அவள் போன காற்றில் டிராக்டர்க்காரரின் துண்டு பறந்தது. பிறகு அவள் மேலே, சின்னதாக, போய்க்கொண்டிருந்தாள்.

"நான் வந்து..." என்றார் டிராக்டர்க்காரர்.

"வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்" என்றேன். துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வாக்கிடாக்கியில் வாண்டுவின் குரல். மெல்லிய குரல், ஆனால் நடுங்காமல் வைத்துக்கொள்ளப் பாடுபடுகிற குரல். சின்ன வயதில் ஊசி போட்டுக்கொள்ளும்போது இப்படித்தான் பேசுவாள். "நான் இப்ப என்ன செய்யணும் சார்?"

"இன்னொரு சுற்று வாம்மா. அதே உயரம், அதே வேகம். ஒண்ணும் இல்ல. காக்கா வந்துச்சு, போயிடும்" என்றார் வாத்தியார். தள்ளி, புல்லில் நின்றபடியே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை வேறு சொன்னது. வடக்கே மேகம் தள்ளி இருக்கவில்லை. புல் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது.

"அம்மா, வேற திடலுக்கு அனுப்ப முடியாதா?" என்று கேட்டேன்.

"பக்கத்துத் திடல் மழைக்குள்ள இருக்கு" என்றார் டவரம்மா. "காத்து இங்க குறுக்கால அடிக்க ஆரம்பிச்சா அவளால இறக்க முடியாது. அவளுக்கு அது இன்னும் சொல்லிக்கொடுக்கல. இந்தச் சுற்றுல இறங்கியே ஆகணும். உங்களால முடியுமா, முடியாதா?"

முடியுமா என்று என்னைக் கேட்டால்? காக்காய்கள் மறுபடியும் இறங்கத் தொடங்கிவிட்டன. அடிபட்டது கத்தக் கத்த ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. கழுத்தைத் திருகிப் போட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அதைச் செய்திருந்தால் கூட்டம் இரண்டு மடங்காகி அங்கேயே பாய் விரித்திருக்கும். வேறு வழி ஒன்றுதான் இருந்தது. சத்தம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கூட்டம். அப்படியானால் சத்தத்தைத் தூக்கிக்கொண்டு போ.

சட்டையைக் கழற்றினேன். ஓடிப்போய் அதன்மேல் போட்டு அமுக்கித் தூக்கினேன். நினைத்ததைவிட லேசாக இருந்தது. ஆனால் என்ன பலம்! அலகு சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதையைப் பிடித்தது. 'அம்மா' என்று அலறினேன். அதுவும் அலறியது. கூட்டம் மொத்தமும் அலறியது. பின்மண்டையில் யாரோ கல்லால் எறிந்தது போல ஒன்று இறங்கியது. காதோரம் சூடாக வழிந்தது. ஜீப் கதவை அடைவதற்குள் முதுகில் இரண்டு அடி.

ஜன்னல்கள் நான்கையும் திறந்துவிட்டேன். மடியில் அதை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் ஜீப்பை ஓட்டினேன். ஓடுதளத்துக்குக் குறுக்கே, வெட்டிய புல்லின் மேலே, இடப்பக்கம், மதிலோரப் பாதைக்கு. மடியில் இருந்தது விடாமல் கத்தியது. ஜீப்புக்கு மேலே, பின்னால், இரண்டு பக்கமும் கறுப்பாகத் தொடர்ந்து வந்தன. ஒன்று ஜன்னலோடு ஜன்னலாகப் பறந்துகொண்டே என் முகத்தைப் பார்த்தது. பறவை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. அடையாளம் பார்க்கிற பார்வை.

"நல்லா வருது ச்சூ" என்றது வாக்கிடாக்கி. "இங்க காலியாயிட்டே இருக்கு. இன்னும் தள்ளிப் போங்க."

மதில் மூலையில், குப்பை மேட்டை ஒட்டி, பாதை முடிகிறது. அங்கே நிறுத்தினேன். கூட்டம் வந்து மதில்மேலும் ஜீப்பின் மேலும் இறங்கியது. கூரைத் தகரத்தில் நகங்கள் நடக்கிற சத்தம். தூரத்தில், திடலின் அந்தப் பக்கத்தில், வாண்டுவின் விமானம் ஒரு பொட்டாகப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு திருப்பம். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

மடியில் இருந்தது கத்துவதை நிறுத்திவிட்டது.

குனிந்து பார்த்தேன். உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. மூச்சு வேகமாக, மேலோட்டமாக ஓடியது. என் கால்சட்டை ரத்தத்தில் ஈரமாகியிருந்தது. அதற்கு இனிக் கத்தத் தெம்பில்லை, அல்லது கத்தி என்ன பயன் என்று தோன்றிவிட்டது.

கூரையில் நடந்த நகங்கள் நின்றன. ஒன்று கிளம்பியது. சுற்றிப் பார்த்துவிட்டு ஓடுதளம் பக்கமாகப் போனது. பின்னாலேயே நான்கைந்து. கத்தல் முதலில் கேட்ட இடத்துக்குத் திரும்பிப் போகின்றன. அங்கே புல்லில் ரத்தமும் பிய்ந்த சிறகும் கிடந்தன.

"ச்சூ, ரெண்டு மூணு திரும்பி வருது" என்றார் டவரம்மா. அந்தப் பதறாத மனுஷியின் குரல் உயர்ந்திருந்தது. "பின்னாலயும் வருது. என்ன ஆச்சு அங்க?"

"கத்த மாட்டேங்குதும்மா."

ஒலிபெருக்கியைப் போட்டேன். அதில் அண்டங்காக்கையின் அலறல் பதிவு இருக்கிறது. அது பழைய சங்கதி, இந்தக் கூட்டத்துக்கு மனப்பாடம். ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நானே கத்திப் பார்த்தேன். காக்காய் மாதிரி, வெட்கமில்லாமல், தொண்டை கிழியக் கத்தினேன். மதில்மேல் இருந்த ஒன்று தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு அதுவும் கிளம்பியது.

மழையின் முதல் சொட்டுகள் கண்ணாடியில் விழுந்தன. பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. அக்காதான், வேறு யார். வாக்கிடாக்கியில் வாத்தியார், "இப்ப திரும்பும்மா, மெதுவா, ஆமா" என்றார். கடைசித் திருப்பம்.

"கத்து" என்றேன் அதனிடம். "தாயே, இன்னும் கொஞ்சம் கத்து. ஒரே ஒரு தடவை."

அது என்னைப் பார்த்தது.

ஒடிந்த சிறகை, ஒடிந்த இடத்திலேயே பிடித்து முறுக்கினேன்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? புல்லில் கத்தியது வேறு, இது வேறு. என் நெஞ்சுக்குள்ளிருந்து யாரோ எதையோ பிடுங்கியது போல இருந்தது. ஜீப்பிலிருந்து இறங்கினேன். இரண்டு கையாலும் அதைத் தலைக்குமேலே தூக்கிப் பிடித்தேன். அது அடங்கினால் மறுபடி முறுக்கினேன். 'மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ' என்று சொல்லிக்கொண்டே முறுக்கினேன். அப்படிச் சொன்னதால் அதற்கு என்ன வலி குறைந்துவிடப் போகிறது? எனக்கும் குறையவில்லை. பாவி, பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு, கை மட்டும் நிற்காமல் அதைச் செய்தேன்.

போனவை எல்லாம் திரும்பின. வந்த வேகத்தில் வட்டம்கூடப் போடவில்லை, நேராக என்மேல் விழுந்தன. தலையில், தோளில், தூக்கிய கைகளில். கண்ணை மட்டும் காப்பாற்றிக்கொள்ள முகத்தைக் கவிழ்த்துக்கொண்டேன். அதனால் என் அக்கா மகள் முதன்முதலாகத் தனியாக விமானத்தைத் தரையில் இறக்கியதை நான் பார்க்கவில்லை. இயந்திரத்தின் சத்தம் தணிவது கேட்டது. சக்கரம் தரையில் ஒருமுறை தொட்டுத் துள்ளியது, மறுபடி தொட்டது.

"இறங்கிட்டா" என்றார் டவரம்மா. "ச்சூ, இறங்கிட்டா. கேக்குதா?"

கேட்டது. ஜீப்பின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். பறவையை மடியில் வைத்தேன். இனி முறுக்கத் தேவையில்லை என்று கைக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது, விரல்கள் பிரியவே இல்லை. மழை பிடித்துக்கொண்டது. அதன் முகத்தில் விழாமல் உள்ளங்கையால் மறைத்தேன். இத்தனை செய்தவனுக்கு அது ஒரு கேடா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். ஆனாலும் மறைத்தேன். கொஞ்ச நேரத்தில் கழுத்து என் மணிக்கட்டின்மேல் சாய்ந்தது. காக்காய்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு மதில்மேல் வரிசையாக உட்கார்ந்தன. ஒன்றும் கத்தவில்லை. மழையில் நனைந்துகொண்டு, அதையும் என்னையும் பார்த்தன. நான் அழுதேன். அவள் இறங்கியதற்கா இது போனதற்கா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அதை மதிலோரத்தில் வைத்துவிட்டு ஜீப்பை எடுத்தேன். வாண்டு விமானத்திலிருந்து இறங்கி மழையில் குதித்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் கைதட்டினார். டிராக்டர்க்காரர் தான் அழுவதை மழை மறைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டு நின்றார்.

"மாமா! பாத்தியா? ஒரே ஒரு துள்ளல்தான், அப்புறம் ஒட்டிக்கிச்சு! அய்யய்யோ, என்ன மாமா இது, மண்டையெல்லாம் ரத்தம்!"

அவளைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினேன். அப்போது வாத்தியார் கைதட்டுவதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். நானும் திரும்பினேன். மழையில், தாழ்வாக, ஜீப் வந்த வழியிலேயே பாதிக் கூட்டம் என் பின்னால் வந்திருந்தது. ஒன்று அவள் தலைக்குமேல் உரசிக்கொண்டு என்மேல் இறங்கியது. அவளைத் தள்ளிவிட்டேன். "கிட்ட வராதே" என்று கத்தினேன். அவ்வளவு நல்ல நாளில் அவளிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

ராத்திரி அக்கா எனக்கு மருந்து போட்டுக்கொண்டே திட்டினாள். பொய் சொன்னதற்குத் தனியாக, சத்தியம் மீறியதற்குத் தனியாக, காயத்துக்குத் தனியாக. திட்டி முடித்துவிட்டு என் தலையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காலையில் திடலின் வாசல் கதவுக்குப் பக்கத்து மதில்மேல் அவை உட்கார்ந்திருந்தன. மற்ற ஊழியர்கள் உள்ளே போனார்கள், ஒன்றும் அசையவில்லை. நான் போனேன், எல்லாம் எழுந்தன. சட்டையை மாற்றிப் பார்த்தேன். தொப்பி போட்டேன். டிராக்டர்க்காரரின் வண்டியில் படுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். அண்டங்காக்கை முகம் மறக்காது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் எங்கே போய் நின்றாலும் கொஞ்ச நேரத்தில் அங்கே கூட்டம். ஓடுதளத்தில் நின்றால் ஓடுதளத்தில் கூட்டம்.

டவரம்மா என்னைக் கூப்பிட்டார். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மேசைமேல் இருந்த பேனாக்களை அடுக்கினார்.

"சொல்லவே வேண்டாம்மா. நான் இங்க நின்னா அவளுக்குத்தான் ஆபத்து" என்றேன். "ஒண்ணு பண்ணுங்க. விமானம் பறக்கற நேரமெல்லாம் என்னை அந்த மதில் மூலைக்கு அனுப்பிடுங்க. அதுங்க எங்கிட்டயே இருக்கும். இந்தப் பக்கம் ஒரு காக்காகூட வராது."

"எத்தனை நாளைக்கு ச்சூ?"

"அதுங்க மறக்கற வரைக்கும்."

அவை மறக்கவில்லை. வாண்டு தனியாகப் பறக்கத் தொடங்கி எவ்வளவோ சுற்று ஆகிவிட்டது. ஓடுதளம் அத்தனை சுத்தமாக இருந்ததே இல்லை என்று வாத்தியார் சொல்கிறார். குப்பை மேட்டுப் பக்கம், மதில் மூலையில், கட்டடத் தொழிலாளி போடுகிற தொப்பியைப் போட்டுக்கொண்டு நான் நிற்கிறேன். மேலே அவை சுற்றிச் சுற்றித் திட்டுகின்றன. திட்டட்டும், அவற்றுக்கு உரிமை இருக்கிறது. அவள் விமானத்தின் சத்தம் கேட்கும், எங்கே திரும்புகிறாள் என்று காதுக்குத் தெரியும். தலையை நிமிர்த்த முடியாது. நிமிர்த்தினால் கண்ணுக்குத்தான் வருகின்றன.

அதனால் வீட்டுக்கு வந்ததும் அவள் எனக்குக் காட்டுகிறாள். சாப்பாட்டு மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, வலது கையை விமானமாக நீட்டி, கட்டைவிரலைக் கொஞ்சம் தூக்கி, வாயால் உறுமிக்கொண்டே ஒரு சுற்று வருகிறாள். அக்கா தட்டுகளை நகர்த்தி இடம் விடுகிறாள். கை மெதுவாகத் தாழ்ந்து, மேசைமேல் சத்தமில்லாமல் தொட்டு, ஓடி, என் தட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

"எப்படி மாமா?"

"நல்லா இறக்கினே" என்கிறேன். "இன்னொரு தடவை காட்டு."